இருபத்தொரு நாள் ஓய்வு

4 மார்ச்

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நலம் என்று தொடங்குவது வழக்கம். எனக்கு எண்களில் சொன்னால்தான் திருப்தி. இன்று காலை எடை ஐம்பத்திரண்டு கிலோ நானூறு கிராம். ரத்த அழுத்தம் நூற்றைம்பதுக்குத் தொண்ணூறு. உன் உடம்பு எப்படி, கப்பலில் இருக்கும் உன் மகன் கடிதம் போடுகிறானா, மருமகள் வேலைக்குப் போய்வருகிறாளா என்றெல்லாம் எழுது. போனில் கூப்பிடாதே. என் காதைப் பற்றி உனக்குத் தெரியும். நீ கத்துவாய், நான் "என்ன?" என்பேன், அடுத்த வீட்டுக்காரருக்கு மட்டும் விஷயம் புரியும்.

நிற்க. நேற்று மாதப் பரிசோதனைக்குப் போனேன். என் குறிப்பேட்டை டாக்டர் வழக்கம்போல் மெச்சினார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் நல்ல செய்தி வராது.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் ஒழுங்காகச் சொல்கிறேன். நாளைக்கு நான்கு முறை, வயிற்றில் பொருத்தியிருக்கும் குழாய் வழியே ஒரு பை, அதாவது இரண்டு லிட்டர் மருந்து நீரை உள்ளே விடுகிறேன். அதில் சர்க்கரை கலந்திருக்கும். குடலைச் சுற்றியிருக்கும் சவ்வு ரத்தத்திலுள்ள கழிவையும் மிச்சத் தண்ணீரையும் அதற்குள் வடித்துவிடும். சில மணி நேரம் கழித்து வெளியே எடுத்து நிறுப்பேன். விட்டதைவிடக் கூடுதலாக வரவேண்டும். எனக்குச் சிறுநீர் நின்று ஆறு வருடம் ஆகிறது. ஆகவே அந்தக் கூடுதல்தான் என் உயிர். முன்பு ஒரு பைக்கு நானூறு மில்லி கூடுதலாக வந்தது. இப்போது எண்பது.

"இந்தச் சவ்வு எட்டு வருஷமா லீவே போடாம வேலை செஞ்சிருக்கும்மா. களைச்சுப்போச்சு. நாலு வாரம் வயித்தைக் காலியா விட்டுப் பார்ப்போம்" என்றார்.

"நானும் முப்பத்தொரு வருஷம் லீவு போடாம வேலை செஞ்சவதான் டாக்டர். நான் களைக்கலையே."

"அதான் உங்ககிட்ட சொல்ல பயந்துக்கிட்டு இவ்வளவு நாள் இருந்திருக்கு போல."

நர்ஸ் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்த நான்கு வாரமும் வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மெஷினில் உட்கார்ந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டுமாம். கழுத்தில் குழாய் போடுவார்கள். ஓய்வு கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "சவ்வு தடிச்சு, குடலையே ஈரத்துணி மாதிரி இறுக்கிச் சுத்திக்கும். சிலருக்கு அப்படி ஆகியிருக்கு" என்றார்.

எடை அளவுத் துறையில் இருந்தவள் நான். என் அளவை என் கையால், என் வீட்டில், என் தராசில் பார்த்துக்கொண்டேன். இனி அந்தக் கூடத்தில் போய் நாற்காலியில் சாயவேண்டும். போகத்தான் போகிறேன். சொல்லிவிட்டால் சொன்னதுதான்.

உன் அக்கா


12 மார்ச்

அன்புள்ள இன்ஸ்பெக்டரம்மாவுக்கு,

சிட்டு எழுதுவது. எல்லாரும் சௌக்கியம். மகன் அடுத்த துறைமுகத்திலிருந்து எழுதுவதாகப் போன துறைமுகத்திலிருந்து எழுதினான். மருமகள் வேலைக்குப் போகிறாள், வருகிறாள், என்னைத் திட்டுகிறாள். பள்ளிக்கூடச் சீருடைகளுக்கு ஆர்டர் குவிந்துவிட்டது. கீழே கடையில் துணி, மாடியில் வீட்டில் துணி, படிக்கட்டிலும் துணி.

டாக்டர் சொன்னதைச் செய். துணியிலேயே ஓரிடத்தைத் தைத்துப் பிரித்து, தைத்துப் பிரித்து வந்தால் நைந்துவிடுகிறது. நீ எட்டு வருடம் ஒரே இடத்தில் தைத்திருக்கிறாய்.

ஒன்று கேட்க வேண்டும். ஓய்வு கொடுத்தால் அந்தக் கூடுதல் திரும்ப வரும் என்று உறுதியாகச் சொன்னாரா? இதுவரை எத்தனை பேருக்கு வந்திருக்கிறது? கழுத்துக் குழாய் வலிக்குமா? வெளியே தெரியுமா? நாலு வாரத்துக்குப் பிறகு பழையபடி வீட்டிலேயே பை போட்டுக்கொள்ள விடுவார்களா, இல்லை மெஷினிலேயே உட்கார்த்திவிடுவார்களா? எல்லாம் கேட்டு எழுது. நீ கேட்கிற விதத்தில் கேட்டால் டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார்.

மருமகள் உனக்கு நமஸ்காரம் சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன்.

சிட்டு


28 மார்ச்

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கு நலம் என்று எழுத மனம் வரவில்லை. அங்கு நலம் என்றே நம்புகிறேன். நீ ஒருநாளும் இத்தனை கேள்வி கேட்டவள் அல்ல. பள்ளியில் கேட்டிருந்தால் கணக்கில் தேறியிருப்பாய்.

பதில்கள் இவை. உறுதி இல்லை. சிலருக்குக் கூடுதல் திரும்பியிருக்கிறது, சிலருக்கு இல்லை. கழுத்துக் குழாய் முதல் நாள் வலிக்கும், பிறகு அரிக்கும், ரவிக்கைக் கழுத்துக்கு மேல் தெரியும். நாலு வாரம் முடிந்ததும் ஒரு பை போட்டு அளந்து பார்ப்பார்கள். வந்தால் வீடு. வராவிட்டால் மெஷின்.

நான்கு முறை போய்விட்டேன். நீளமான கூடம், பன்னிரண்டு நாற்காலி. எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் கத்தும். காது மந்தமாக இருப்பதில் முதல்முறையாக ஒரு லாபம். டெக்னீஷியனுக்கு முப்பது வயது இருக்கும். என்னைப் "பாட்டி" என்கிறான்.

"எனக்குப் பேரன் கிடையாது" என்றேன்.

"பரவாயில்ல பாட்டி, எனக்குப் பாட்டி கிடையாது. சரியாப் போச்சு" என்றான்.

என் எடையை அவன் எழுதிக்கொள்கிறான். முழு கிலோவாக. ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று. நடுவில் ஒன்றுமே இல்லாததுபோல.

பக்கத்து நாற்காலியில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர். யாருக்காவது நேரம் முடிந்து ஊசியை எடுத்தால், "இறங்குறவங்க இறங்கிக்கலாம்" என்று குரல் கொடுப்பார். கூடமே சிரிக்கும். நேற்று அவர் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். டெக்னீஷியனிடம் கேட்டேன். அவன் கைப்பிடியை மருந்துத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான்.

வயிறு காலியாக இருப்பது விசித்திரமாக இருக்கிறது. எட்டு வருடம் நிறைகுடமாக நடந்தவள். இப்போது படுத்தால் எதையோ எங்கோ வைத்துவிட்டு வந்ததுபோல் இருக்கிறது.

உன் உடம்பைப் பற்றி நீ எழுதவேயில்லை.

உன் அக்கா


4 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு,

சிட்டு வணக்கம். எனக்கென்ன, குண்டுக்கல். மருமகளிடம் வேண்டுமானால் கேட்டுக்கொள்.

கண்டக்டர் பற்றிப் படித்துவிட்டு அன்றைக்குத் தையலே ஓடவில்லை. இரண்டு சட்டைக்கு இடது கையையே தைத்துவிட்டேன்.

அக்கா, ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். சவ்வுக்குத் தேவை ஓய்வுதானே? வயிற்றைக் காலியாக விட்டால் அது பாட்டுக்கு ஓய்வெடுத்துக்கொள்ளாதா? வாயைக் கட்டி, தண்ணீரைக் குறைத்து, உப்பை விட்டு வீட்டிலேயே சமாளிக்க முடியாதா? மெஷின் எதற்கு? உன்னைப்போல் அளந்து சாப்பிடுகிற ஆளால் முடியாதா? எத்தனை நாள் தாங்கும்? டாக்டரிடம் கேட்டால் மெஷின் என்றுதான் சொல்வார். உனக்கு என்ன தோன்றுகிறது? எனக்கு உன் வார்த்தை போதும்.

பதில் போடு. சீக்கிரம் போடு.

சிட்டு


17 மே

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நலம். நீயும் வீட்டாரும் அவ்வாறே இருக்க வேண்டும். ஆறு வாரம் பதில் எழுதாததற்குப் பொறுத்துக்கொள். வேலை இருந்தது.

நீ ஒரு பேச்சுக்குக் கேட்டதை நான் செய்தே பார்த்துவிட்டேன். மெஷின் கூடம் எனக்குச் சரிப்படவில்லை. அங்கே ஒழுங்கு கிடையாது. ஐந்தாம் முறையோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். ஓய்வை வீட்டிலேயே முறைப்படி முடித்தேன். இருபத்தொரு நாள். தண்ணீர் நாளைக்கு முந்நூறு மில்லி, மருந்துக் கோப்பையில் அளந்து. உப்பு அறவே இல்லை. பழம் இல்லை. வயிறு காலி. நாள்தோறும் எடை பார்த்தேன். மொத்தமாகவே எண்ணூறு கிராம்தான் ஏறியது. மூச்சு, தூக்கம், நடை எல்லாம் வழக்கம்போல. இருபத்திரண்டாம் நாள் முதல் பை போட்டேன். கூடுதல் நானூற்று இருபது.

நம்பாதவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தை நல்ல பிரதி எடுத்து இதனுடன் வைத்திருக்கிறேன். கட்டுப்பாடு இருந்தால் எதுவும் முடியும்.

உன் அக்கா


24 மே

அன்புள்ள இன்ஸ்பெக்டரம்மாவுக்கு,

சிட்டு அநேக வணக்கம். எல்லாரும் சுகம். அக்கா, நீ ஒரு ராட்சசி! உன் கடிதத்தை மருமகளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "பெரியம்மா மனுஷியா, இரும்பா?" என்றாள். "அவ தராசு. சின்ன வயசுலயே முள்ளு நடுவுலதான் நிக்கும்" என்றேன்.

அந்தப் பக்கத்தைத் தையல் மெஷினுக்கு எதிரே சுவரில் குத்தி வைத்திருக்கிறேன். என்ன அழகான கையெழுத்து! ஒரு அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை. ஊரில் ஒரு கடைக்காரனாவது உன் அளவைச் சந்தேகப்பட்டதுண்டா? அப்பாவே நீ சொன்னால் கடிகாரத்தைத் திருத்தி வைப்பார்.

நீ எனக்கு எவ்வளவு பெரிய உதவி செய்திருக்கிறாய் என்று உனக்குத் தெரியாது. சீருடை வேலை ஜூன் முதல் வாரத்தில் முடியும். அதற்குப் பிறகு நானும் உன் வழியில் கொஞ்சம் கட்டுப்பாடாக இருக்கலாம் என்று பார்க்கிறேன். சில வாரம் கடிதம் வராவிட்டால் கவலைப்படாதே.

சிட்டு


6 ஜூன்

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நலம் விசாரிக்கிறேன். வழக்கத்துக்காக அல்ல, பதில் வேண்டும் என்பதற்காக.

என்ன உதவி? எதில் கட்டுப்பாடு? நீ சாப்பாட்டில் கட்டுப்பாடாக இருந்ததை நான் பார்த்ததே இல்லை.

உன் பழைய கடிதங்களை எடுத்து வரிசையாகப் படித்தேன். கழுத்துக் குழாய் வெளியே தெரியுமா என்று கேட்டிருக்கிறாய். எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டிருக்கிறாய். அக்காவின் நோயைப் பற்றி விசாரிக்கிற தங்கை "உனக்கு வலிக்குமா" என்பாள். நீ "வலிக்குமா" என்று மட்டும் கேட்டிருக்கிறாய்.

அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகத்திலும் நீர்க்கட்டிகள். எனக்கும் அதுவே. உன்னைச் சோதித்துக்கொள்ளச் சொன்னேன், ஒன்றுமில்லை என்று எழுதினாய். எந்த டாக்டர் சொன்னார்? எந்த வருடம்?

சுவரில் இருக்கும் பக்கத்தை எடுத்துவிடு. அது எனக்காக எழுதிக்கொண்டது. ஒவ்வொரு உடம்பும் வேறு. இதைப் படித்த உடனே பதில் எழுது.

அக்கா


15 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

சிட்டு வணக்கம். மாட்டிக்கொண்டேன். இன்ஸ்பெக்டரிடம் எத்தனை நாள் ஒளிக்க முடியும்?

மூன்று வருடமாக நானும் பைதான். நீ எட்டு வருடத்துக்கு முன்னால் எழுதினாய், நினைவிருக்கிறதா? "அப்பாவின் நோய் என்னோடு நின்றது, அது ஒன்றே எனக்கு ஆறுதல்." அதைப் படித்த பிறகு எப்படி எழுதுவேன்? மகனிடமும் மருமகளிடமும் சத்தியம் வாங்கிவிட்டேன்.

எனக்கும் சவ்வு களைத்துவிட்டதாம். ஓய்வு கொடு, மெஷினில் உட்கார் என்றார்கள். பிப்ரவரியிலேயே சொன்னார்கள். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். உன் பக்கம் வந்தது. பத்தாம் தேதி தொடங்கினேன். இன்று ஆறாம் நாள். மருமகளிடம் டாக்டரே சொன்னார் என்று சொல்லியிருக்கிறேன். நீ காட்டிக்கொடுக்காதே.

உன் பக்கத்தை வைத்துக்கொண்டுதான் நடக்கிறேன். ஆனால் எங்கோ தப்புச் செய்கிறேன் போலிருக்கிறது. உனக்கு ஆறாம் நாள் நூறு கிராம் ஏறியிருக்கிறது. எனக்கு நான்கு கிலோ. உனக்குத் தூக்கம் வழக்கம்போல என்று போட்டிருக்கிறது. என்னால் படுக்க முடியவில்லை, படுத்தால் யாரோ நெஞ்சில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்குகிறேன். மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றினோம். உதடும் கட்டை விரலும் மரத்துப்போகின்றன. கத்தரிக்கோல் நழுவுகிறது. நேற்றிலிருந்து கடைக்கு இறங்கவில்லை, படி ஏற முடியாது.

மருமகள் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அழுகிறாள். "எங்கக்கா எழுவது வயசுல இருபத்தொரு நாள் இருந்திருக்கா. நான் ஆறு நாள்ல ஓடுறதா?" என்றேன். நான் எதில் தவறுகிறேன்? உப்பை இன்னும் குறைக்கவேண்டுமா? நீ எழுதாத ஏதாவது உண்டா? எழுது.

சிட்டு


19 ஜூன், மதியம்

சிட்டு,

உன் கடிதம் பத்து மணிக்கு வந்தது. நலம் விசாரிக்க நேரமில்லை. மருந்துக்கடைக்காரரை விட்டு உன் கடைக்குப் போன் செய்யச் சொன்னேன். மணி அடித்துக்கொண்டே இருந்ததாம். மாடியிலிருந்து நீ எப்படி இறங்குவாய்? தந்தி அடித்துவிட்டேன். இது விரைவுத் தபாலில் வரும்.

அந்தப் பக்கம் பொய். ஒரு நாள் கூட, ஒரு மணி நேரம் கூட நான் வீட்டில் வயிற்றைக் காலியாக விடவில்லை. மெஷின் கூடத்திலிருந்து ஓடிவந்த அன்று மாலையே பழையபடி பை போட்டேன். இருபத்தொரு நாளையும் ஒரு மதியத்தில் உட்கார்ந்து எழுதினேன். எடைகளை நானே அமைத்தேன். ஒரே சீராக ஏறினால் சந்தேகம் வரும் என்று இரண்டு நாள் இறக்கிக்கூடப் போட்டேன். கள்ளக் கணக்கு எப்படி இருக்கும் என்று முப்பத்தொரு வருடம் பார்த்தவளுக்கு அது தெரியாதா?

ஏன் என்று கேட்பாய். ஐந்தாம் முறை மெஷினில் இருக்கும்போது ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. கண் இருட்டியது. நான் "அம்மா" என்று கத்தி, அந்த டெக்னீஷியனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றேனாம். நினைவு வந்தபோது பிடித்தபடிதான் இருந்தேன். உடையெல்லாம் வாந்தியில் நனைந்திருந்தது. பன்னிரண்டு நாற்காலியும் என்னைப் பார்த்தன. அதை உனக்கு எழுத முடியவில்லை. ஓடி வந்தேன் என்று எழுதுவதற்குப் பதில் ஜெயித்து வந்தேன் என்று எழுதினேன். சௌக்கியமாக இருக்கிற ஒரு தையல்காரிக்கு எழுதுகிற பெருமை, அது யாரை என்ன செய்யும் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரிக் குறிப்பேட்டிலும் ஒரு வருடமாக இதுதான். முதலில் கூடுதலில் இருபது மில்லி ஏற்றிப் போட்டேன். எந்தத் தராசுக்கும் சிறு பிழை அனுமதி உண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு ஐம்பது, நூறு. பிழை என்றால் சில நாள் அதிகமாகவும் சில நாள் குறைவாகவும் இருக்கும். எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் அது திருட்டு. இதைச் சொல்லி எத்தனை கடையைப் பூட்டியிருக்கிறேன். மார்ச்சில் எண்பது என்று உனக்கு எழுதினேனே, அன்று உண்மையில் விட்டதைவிடக் குறைவாகத்தான் வெளியே வந்தது. இப்போது என் கால்கள் உன் கால்கள் மாதிரிதான் இருக்கின்றன.

தந்தி அலுவலகத்தில் வரிசை நின்றது. எழுத்தர் காது கேட்காதவளுக்காக ஒவ்வொரு வார்த்தையையும் உரக்கப் படித்தார். "அக்கா... எழுதியது... பொய். ஓய்வு... எடுக்கவில்லை. உடனே... ஆஸ்பத்திரி... போ." பிறகு நிமிர்ந்து, "'பொய்'னுதான் போடணுமாம்மா? 'தவறு'ன்னு போடலாமே" என்றார்.

"பொய்னே போடுங்க" என்றேன்.

உண்மையான எண்கள் எழுதிய துண்டுச் சீட்டுகளையும் இதில் வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போ. மெஷினில் உட்கார். சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்து. போ.

அக்கா


27 ஜூன்

பெரியம்மாவுக்கு,

உங்கள் தங்கையின் மருமகள் எழுதுகிறேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இவருக்குக் கப்பலுக்குத் தகவல் போயிருக்கிறது. வர இன்னும் ஒன்பது நாள் ஆகும் என்கிறார்கள்.

உங்கள் தந்தி பத்தொன்பதாம் தேதி சாயங்காலமே வந்துவிட்டது. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். படித்ததும் எனக்கு உயிர் வந்தது. அத்தையிடம் கொடுத்து, "பாருங்க, பெரியம்மாவே சொல்லிட்டாங்க, கிளம்புங்க" என்றேன்.

அத்தை அதை இரண்டு தடவை படித்தார். பிறகு சிரித்தார் பெரியம்மா. மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார்.

"என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப அக்கா பொய் சொல்றாடி" என்றார்.

"பொய்யின்னு அவங்களே எழுதியிருக்காங்களே அத்தை."

"அதான் சொல்றேன். பொய் சொல்லத் தெரியாதவ சொன்னா இப்படித்தான் இருக்கும். சுவத்துல இருக்கு பாரு, அந்தக் கையெழுத்துல அவ பொய் எழுதுவாளா? எனக்காகப் பாவம், தன் பேரையே கெடுத்துக்கிறா. இருக்கட்டும், இன்னும் பதினோரு நாள்தானே."

நான் கெஞ்சினேன். பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிவந்தேன். அவரிடமும் அத்தை உங்கள் பக்கத்தைக் காட்டி, நீங்கள் எப்பேர்ப்பட்டவர் என்று சொன்னார். அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது. இருபத்தொன்றாம் தேதி காலை அத்தையிடம் காப்பி டம்ளரைக் கொடுத்தேன், கை நீட்டினார், வாங்குவதற்குள் சரிந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் இதயம் ஒரு தடவை நின்று திரும்ப ஓடியது. நுரையீரல் முழுக்கத் தண்ணீர் என்றார்கள். தினமும் மெஷின் வைக்கிறார்கள். செவ்வாய்க்கிழமையிலிருந்து கண் திறக்கவில்லை. உங்கள் விரைவுத் தபால் புதன்கிழமை வந்தது. காதருகே முழுவதையும் படித்தேன். கேட்டதா என்று தெரியவில்லை.

உங்களைத் திட்டி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை. நீங்கள் மெஷினுக்குப் போகிறீர்களா?

மருமகள்


1 ஜூலை

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இந்த எண்களை நான் எழுதவில்லை, டெக்னீஷியன் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். இன்று காலை எடை ஐம்பத்தொன்பது கிலோ. கழுத்தில் மறுபடியும் குழாய். மூன்றாம் நாற்காலி. மெஷின் ஓடத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகிறது. வயிற்றைத் திறந்து பார்த்தால்தான் சவ்வு எவ்வளவு இறுகியிருக்கிறது என்று தெரியும் என்கிறார் டாக்டர். திறந்து பார்க்கிற நிலையில் நான் இல்லை என்றும் சொல்கிறார். பயணம் செய்ய விடமாட்டேன் என்கிறார். விட்டிருந்தால் இதை நேரில் வந்து சொல்லியிருப்பேன்.

மருமகள் எல்லாவற்றையும் எழுதினாள். நீ என் தந்தியை நம்பவில்லை. கடிதத்தைக் கேட்டிருந்தாலும் நம்பியிருக்க மாட்டாய். என் பேச்சு ஒன்றுக்கொன்று முரணாக இருக்கும்போது எதை நம்புவது என்று நீ முடிவு செய்துவிட்டாய்.

வேலையில் இருந்தபோது பொய் எடைக்கல்லைப் பறிமுதல் செய்தால் இரண்டு சாட்சிக் கையெழுத்து இல்லாமல் கடையை விட்டு நகரமாட்டேன். கடைக்காரன் ஒப்புக்கொண்டாலும் வாங்குவேன். மறுநாள் அவன் மாற்றிச் சொன்னால் சாட்சி பேசவேண்டும். இன்று அதையே செய்கிறேன்.

இந்தத் தாளை முதலில் டெக்னீஷியனிடம் நீட்டினேன். "எதுக்குப் பாட்டி கையெழுத்து?"

"நான் பொய் சொன்னதுக்கு."

சிரித்துக்கொண்டே வாங்கினான். படிக்கப் படிக்க உட்கார்ந்துவிட்டான். "உங்க தங்கச்சி இதைப் படிப்பாங்களா?" என்றான். காது கேட்காததுபோல் இருந்துவிட்டேன். அவன் பேனாவை எடுத்து, பேர் எழுதி, கையெழுத்துப் போட்டு, நான் கேட்காமலே தேதியும் மணியும் போட்டான். பிறகு டாக்டர் வந்தார். கண்ணாடியைக் கழற்றாமலே படித்தார். கையெழுத்திட்டார்.

மே பதினேழாம் தேதிக் கடிதத்தோடு நான் அனுப்பிய பக்கத்திலுள்ள இருபத்தொரு நாளும் பொய். நான் ஓய்வு எடுக்கவில்லை. என் சவ்வில் கூடுதல் திரும்பவில்லை. இது உண்மை.

உன் அக்கா

சாட்சி: டயாலிசிஸ் டெக்னீஷியன், 1 ஜூலை, காலை 10.40

சாட்சி: சிறுநீரக மருத்துவர், 1 ஜூலை, காலை 11.05

இதை உன் படுக்கைக்கு எதிரே சுவரில் குத்தி வைக்கச் சொல்லி மருமகளுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். கண் திறந்ததும் படி. இன்னும் நம்பிக்கை வராவிட்டால், நர்ஸ் இருக்கிறாள், பன்னிரண்டு நாற்காலியிலும் ஆட்கள் இருக்கிறார்கள். எத்தனை சாட்சி வேண்டுமானாலும் வாங்கி அனுப்புகிறேன். நீ கேள்.